ஐரோப்பாவுல வேலையில்லாத் திண்டாட்டம்: அதிர்ச்சியா, சட்டமா?

70கள்லேர்ந்து ஐரோப்பாவுல வேலையில்லாதவங்க ஏன் இவ்ளோ கூடினாங்கங்கற விஷயத்துல ரெண்டு கோஷ்டி. ஒண்ணு, வெளியிலேர்ந்து வந்த அதிர்ச்சி, அதாவது 1973, 1979 எண்ணெய் விலையேத்தமும் 80கள்ல ஏறின வட்டியும்தான் காரணம்னு சொல்லும். இன்னொண்ணு, ஆள எடுத்தா அனுப்பவே விடாத சட்டம், தாராளமான உதவித்தொகை, பலமான யூனியன்னு சொல்லும். செமினாருக்காக ரெண்டு பக்கமும் படிச்சுட்டு நான் மூணாவது கட்சிக்குப் போயிட்டேன், அதிர்ச்சியும் சட்டமும் மோதற இடத்துலதான் விஷயமே இருக்கு (பொருளாதார நிபுணர்கள் பிளான்ஷாரும் வுல்ஃபர்ஸும் 2000ல எழுதினது கிட்டத்தட்ட இதான்).

சட்டம்தான் காரணம்னு சொல்றவங்ககிட்ட நான் கேக்கறது ஒண்ணுதான், காலக்கணக்கு எங்க ஒத்து வருது? 60கள்லயே இந்த ஏற்பாடெல்லாம் நிறைய இருந்துச்சு, அப்போ மேற்கு ஐரோப்பாவுல வேலையில்லாதவங்க 2-3 சதவீதம்தான், அமெரிக்காவ விட கம்மி, 80கள் நடுவுல பாத்தா 10 கிட்ட நிக்குது. 70கள்ல சட்டத்த இன்னும் இறுக்கினாங்க, சரி, ஆனா அத மட்டும் வச்சு இவ்ளோ பெரிய ஏத்தத்த விளக்க முடியாது. அதிர்ச்சி கோஷ்டிக்கும் இதே சிக்கல்தான்: அதே எண்ணெய் அடி அமெரிக்காவுக்கும் விழுந்துச்சு, அங்க 80கள் முடியறதுக்குள்ள வேலையில்லாதவங்க எண்ணிக்கை இறங்கிடுச்சு, 1986ல எண்ணெய் விலை சரிஞ்ச பிறகும் ஐரோப்பாவுல பெருசா இறங்கல. இங்கதான் சட்டம் உள்ள வருது: அனுப்ப முடியாதுன்னா புதுசா ஆள எடுக்கவே தயங்குவாங்க, வருஷக்கணக்கா வேலையில்லாம இருந்தவன கம்பெனி திரும்பிப் பாக்காது, கைத்தொழிலும் மறந்து போகும்.

ஸ்பெயின பாருங்க. 1984ல தற்காலிக ஒப்பந்தத்த தாராளமா திறந்து விட்டாங்க, 90கள்ல சம்பளக்காரங்கள்ல மூணுல ஒருத்தர் அப்படித்தான். 2008ல கட்டட வேலை படுத்ததும் முதலாளிக்கு கணக்கு ஈஸி: நிரந்தர ஆள காரணமில்லாம தூக்கினா, வேலை பாத்த வருஷத்துக்கு 45 நாள் சம்பளம் குடுக்கணும், தற்காலிக ஆளுக்கு ஒப்பந்தம் முடிஞ்சா வருஷத்துக்கு 8 நாள் போதும். யார அனுப்புவாங்க? 2007ல வேலையில்லாதவங்க 8 சதவீதம் இருந்தது 2013ல 26. ஜெர்மனியிலயும் கறாரான சட்டம்தான், 2009ல உற்பத்தி 5 சதவீதத்துக்கு மேல விழுந்துச்சு, ஆனா ஆள அனுப்பாம வேலை நேரத்த குறைச்சாங்க, அதனால குறைஞ்ச சம்பளத்துல ஒரு பங்க அரசு பக்கம் குடுத்துச்சு, வேலையில்லாதவங்க எண்ணிக்கை லேசாத்தான் ஏறுச்சு.

ஆனா ஒண்ணு, 2005ல 50 லட்சம் பேர் வேலையில்லாம இருந்த ஜெர்மனி அதுக்கப்புறம் இறங்கினதுக்கு என் கட்சி சொல்ற விளக்கம் அவ்ளோ வலுவில்ல. ஹார்ட்ஸ் சீர்திருத்தமா (2003-05ல வேலைவாய்ப்பு விதிகளையும் உதவித்தொகையையும் மாத்தினது), யூனியன்கள் சம்பள உயர்வுல அடக்கி வாசிச்சதான்னு இன்னும் சண்டை ஓடுது. எனக்கென்னவோ ரெண்டாவதுக்குத்தான் பங்கு ஜாஸ்தின்னு தோணுது, ஆனா பந்தயம் கட்டச் சொன்னா கட்ட மாட்டேன்.