தொண்டரா, ஊழியரா? பெங்களூருவில் டிரஸ்ட் எச்.ஆர்.களுக்கு ஒரு மூன்று நாள் பயிற்சி

கோயில் டிரஸ்ட், சர்ச் நடத்தும் முதியோர் இல்லம், ஜமாத் நடத்தும் மருத்துவமனை போன்ற இடங்களில் ஆள் விவகாரம் பார்ப்பவர்களுக்கென்றே சிவாஜிநகர் பக்கம் நடக்கும் பயிற்சி இது. சாப்பாடு சேர்த்து 7,500 ரூபாய். பாடம் ஆங்கிலத்தில்தான், தமிழில் கேட்டால் தமிழிலேயே விளக்குகிறார்கள். முதல் நாளுக்காகவே போகலாம். மூன்றாம் நாள் சுமார்.

முதல் நாள் ஒரு கற்பனை இல்லத்தின் ஆட்களைச் சீட்டுகளில் எழுதித் தருகிறார்கள். தொண்டர், துறவி, ஊழியர் என்று பிரித்து வைக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு வரும் சமையல்காரம்மாவுக்கு மாதம் 9,000, கணக்கில் ‘மதிப்பூதியம்’. எல்லோரும் தொண்டர் பக்கம் வைக்கிறார்கள். பயிற்றுநர் மூன்றே கேள்வி கேட்கிறார்: வராத நாளுக்குப் பணம் பிடிப்பீர்களா? நேரம் குறிப்பது யார்? அவர் நின்றுவிட்டால் வேறு ஆள் போடுவீர்களா? சீட்டு தானாக ஊழியர் பக்கம் நகர்கிறது. (9,000 இங்கே குறைந்தபட்சக் கூலிக்கே எட்டாது என்பது தனி.) காண்டிராக்டர் அனுப்பும் துப்புரவு ஆட்களும் கணக்கில் வருவார்கள். சம்பளப் பட்டியலில் 14 பேர். மேஜையில் எண்ணினால் 21. 20 பேர் இருந்தாலே பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கட்ட வேண்டும், ஈ.எஸ்.ஐ.க்கு (ஊழியர் மருத்துவக் காப்பீடு) 10 பேரே போதும். மதிப்பூதியம் என்று எழுதினால் பி.எஃப். வராது என்பது இந்தத் துறையின் மூடநம்பிக்கை.

இரண்டாம் நாள் முழுக்கக் கணக்கு. 15,000 சம்பளத்துக்கு பி.எஃப்.பில் ஊழியர் பங்கு 1,800, நிறுவனத்தின் பங்கும் 1,800. அதில் 1,250 பென்ஷனுக்குப் போகும். மறுமாதம் 15-க்குள் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. கிராஜுவிட்டிக்கு (வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை), மாதம் 18,000 வாங்கியவர் எட்டு வருடம் கழித்துப் போனால் 18,000-ஐ 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, மறுபடி எட்டால் பெருக்கி 83,077 ரூபாய். அரசு உதவி பெறும் பள்ளியில் பாடம் நடத்தும் கன்னியர் தன் சம்பளத்தை முழுதாகச் சபைக்குக் கொடுத்தாலும் டி.டி.எஸ். (சம்பளத்திலேயே பிடிக்கும் வருமான வரி) உண்டு என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் எடுத்துக் காட்டுகிறார்கள். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பகுதி அருமை. வெளிநாட்டுப் பணத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2020-க்கு முன் 50. எச்.ஆர். சம்பளம் அதற்குள் வரும், ஆஸ்பத்திரி டாக்டர், பள்ளி ஆசிரியர் சம்பளம் வராது. பணி ஆணையிலேயே வேலையைத் தெளிவாக எழுதாவிட்டால் ஆடிட்டர் எல்லாரையும் நிர்வாகத்தில் சேர்த்துவிடுவார்.

கையேட்டில் ஒரு ஓட்டை. 1978-ல் பெங்களூரு குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தர்ம ஸ்தாபனங்களையும் தொழில் தகராறுச் சட்டத்தின் ‘தொழில்’ வரையறைக்குள் கொண்டுவந்தது. 2020-ல் வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, தர்ம காரியமே பிரதானமான நிறுவனங்களை வெளியே விடுகிறது. இரண்டையும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அந்த விலக்கு தொழில் தகராறு சம்பந்தப்பட்டது; பி.எஃப்., கிராஜுவிட்டி வேறு தொகுப்பில் இருக்கின்றன. ‘நமக்கு எந்தச் சட்டமும் கிடையாது’ என்று தப்பாகப் புரிந்துகொண்டு டிரஸ்டியிடம் போய்ச் சொல்ல ஒரு ஆள் போதாதா?

மூன்றாம் நாள் பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழு. பத்துப் பேர் வேலை செய்தால் குழு வேண்டும், பாதிக்குக் குறையாமல் பெண்கள், மூத்த பெண் ஊழியர் தலைமை, வெளி உறுப்பினர் ஒருவர், மூன்று மாதத்துக்குள் புகார், 90 நாளில் விசாரணை என்று ஒப்பித்துவிட்டுப் போகிறார்கள். இந்த நிறுவனங்களில் நிஜச் சிக்கல், புகார் சுவாமிஜி மீதோ ஃபாதர் மீதோ வரும்போதுதான். நிறுவனத் தலைமை மீதே புகார் என்றால் அது மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும். அதற்கு ஒரு வரிகூட இல்லை. மாதிரி பணி ஆணையோ ஏதோ ஐ.டி. கம்பெனியுடையது: இரவு ஷிப்ட் கேப் வசதி பற்றி அரைப் பக்கம், இல்லத்திலேயே தங்கி வேலை செய்பவருக்கு வாரவிடுமுறை பற்றி ஒன்றுமில்லை.

போகிறவர்கள் மூன்று மாத வருகைப் பதிவேடும் காண்டிராக்டர் பில்லும் எடுத்துப் போங்கள். சீட்டுப் பயிற்சி முடிந்ததும் சொந்த இல்லத்தின் தலைகளை எண்ணிவிடலாம். கணக்குப் பார்ப்பவரையும் கூட்டிப் போனால் நல்லது, இரண்டாம் ஆளுக்கு 5,000-தான்.