ஃபென்வே பார்க்ல அப்பாவோட ஒரு பேஸ்பால் மேட்ச்: டிவியில தெரியாததுதான் அங்க நிறைய

பாஸ்டன் பக்கம் குடி வந்து ஒம்போது வருஷம் ஆச்சு, ஆனா இந்த ஊர் ரெட் சாக்ஸ் டீமோட மைதானமான ஃபென்வே பார்க் உள்ள கால் வெச்சது போன மே மாசம்தான். அதுவரைக்கும் பேஸ்பால்னா எனக்கு சேனல் மாத்தும்போது கண்ல படற ஒரு விஷயம், அவ்ளோதான், ஒருத்தர் எறிவாரு, ஒருத்தர் சுத்துவாரு, பந்து அவருக்கு பின்னாடி குனிஞ்சு உக்காந்திருக்கற கேட்சர் கைக்கு போயிடும், மறுபடி அதே. அப்பா ஆறு மாசம் தங்க வந்திருந்தாரு. போரடிக்குதுன்னு வாய விட்டு சொல்ற ஆள் இல்ல, ஆனா ஜன்னல் கிட்ட நின்னு சும்மா ரோட்டையே பாத்துட்டு இருப்பாரு, அத பாத்தா நமக்கு மனசு கேக்காது. சரி எங்கயாவது கூட்டிட்டு போலாம்னு ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி மேட்சுக்கு ரெண்டு டிக்கெட் போட்டேன். அதுக்கப்புறம் மூணு தடவ போயாச்சு, ரெண்டு தடவ அவரே கேட்டு. புதுசா போறவங்களுக்கு உபயோகமா இருக்கும்னு எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

மொதல்ல இடத்த பத்தி. 1912 ஏப்ரல் 20 அன்னிக்கு திறந்தது, இன்னிக்கு பேஸ்பாலோட மேல்மட்டமான மேஜர் லீக்ல இருக்கற ஸ்டேடியத்துலயே பழசு இதுதான். பழசுன்னா மியூசியம் மாதிரி கயிறு கட்டி தள்ளி நின்னு பாக்கற பழசு இல்ல, தெனம் புழங்கற பழசு. சுத்தி இருக்கற தெருவுக்கு நடுவுல இடம் கெடச்ச அளவுக்கு கட்டினதால ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு அளவு, வலது பக்க மூலையில வெறும் 302 அடியிலயே எல்லைக் கம்பம் வந்துடும், சென்டர்ல ஒரு முக்கோண மூலை 420 அடி வரைக்கும் உள்ள போகும், இடது பக்கம் 310 அடிதான் இருக்கு, ஆனா அங்க 37 அடி உயரத்துக்கு பச்சையா ஒரு செவுரு நிக்குது. க்ரீன் மான்ஸ்டர்னு பேரு. போட்டோவுல எத்தன தடவ பாத்திருந்தாலும் நேர்ல பாக்கும்போது அதோட உயரம் வேற. நாங்க இருட்டா இருந்த சரிவுல ஏறி உள்ள வந்ததும் அப்பா அங்கயே நின்னுட்டாரு, பின்னாடி வந்தவங்க ஒருத்தர் கூட தள்ளல, காத்திருந்தாங்க. அவங்களும் ஒரு நாள் அப்படி நின்னவங்களாத்தான் இருக்கணும்.

அந்த செவுரு சும்மா அழகுக்கு இல்ல, ஆட்டத்தையே மாத்துது. வேற ஊர்ல கேட்ச் ஆகி இருக்க வேண்டிய உயரமான பந்து இங்க செவுத்து மேல உரசி கீழ விழுந்து டபுள் ஆயிடும், அதாவது அடிச்சவர் ஓடித் தொட வேண்டிய நாலு பேஸ்ல ரெண்டாவது வரைக்கும் போயிடுவாரு, வேற ஊர்ல நேரா வெளிய போய் ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) ஆகி இருக்க வேண்டிய தாழ்வான அடி இங்க டொம்முனு மோதி திரும்பி வந்து சில சமயம் ஒரே பேஸோட வெறும் சிங்கிளா நின்னுடும். லெஃப்ட் ஃபீல்டர் எங்க நிக்கணும், எந்த கோணத்துல திரும்பும்னு தெரிஞ்சு வெச்சிருக்கணும். நாங்க போன அன்னிக்கு ஒரு பந்து செவுத்துல பட்டு வந்தத ஃபீல்டர் ஒரே தாவுல எடுத்து ரெண்டாவது பேஸுக்கு எறிஞ்சாரு பாருங்க, டபுள்னு நெனச்சு ஓடின ஆள் பாதியில பிரேக் போட்டு திரும்பி ஓடறாரு. அப்பா என் கைய புடிச்சு "பாத்தியாம்மா, அவன் செவுத்தயும் ஒரு ஃபீல்டரா வெச்சிருக்கான்"ங்கறாரு.

செவுத்துக்கு அடியில ஸ்கோர் போர்டு இருக்கு, இன்னிக்கும் கையாலதான் நடத்தறாங்க, உள்ள ஆளுங்க இருக்காங்க, இன்னிங்ஸ் முடிஞ்சதும் தகடு மாட்டறாங்க. ஒரு கட்டம் ஒரு நொடி கருப்பாகி அப்புறம் நம்பர் வரும். ராட்சச ஸ்க்ரீனும் இன்னொரு பக்கம் இருக்கு, ஆனா கண்ணு என்னவோ அந்த கட்டத்துக்குத்தான் போகுது. அந்த போர்டோட வெள்ளக் கோட்டுல புள்ளியும் கோடுமா மோர்ஸ் கோட்ல முன்னாள் ஓனர் தம்பதியோட இனிஷியல் எழுதி இருக்கு, தேடிப் பாருங்க.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வரேன். டிவியில பிட்சர் முதுகு, பேட்ஸ்மேன், கேட்சர், அம்பயர், இந்த நாலு பேரத்தான் முக்கால்வாசி நேரம் காட்டுவாங்க. நேர்ல போனா ஒரு இன்னிங்ஸ் பந்த பாக்காதீங்க, மத்தவங்கள பாருங்க. ஒவ்வொரு பந்து எறியும்போதும் ஃபீல்டர் எல்லாரும் ஒரே நேரத்துல ஒரு அடி முன்னாடி வெச்சு குனியறாங்க, மூச்சு விடற மாதிரி மொத்த மைதானமும் அசையும். முதல் பேஸ்ல ஆள் இருந்தா ஷார்ட்ஸ்டாப்பும் (ரெண்டாவது, மூணாவது பேஸுக்கு நடுவுல நிக்கறவர்) செகண்ட் பேஸ்மேனும் கிளவுஸ வெச்சு முகத்த மறச்சுட்டு ஏதோ சைகை காட்டிக்கறாங்க, யாரும் அடிக்காமலே அவன் அடுத்த பேஸ திருட ஓடினா அந்த பேஸுக்கு யார் போறதுன்னு முடிவு பண்றாங்களாம். இதெல்லாம் ஸ்க்ரீன்ல கட்டத்துக்கு வெளிய நடக்கறது, நமக்கு தெரியவே தெரியாது.

அப்பா கண்டுபிடிச்சது கேட்சர. மூணாவது இன்னிங்ஸ்ல திடீர்னு "அந்த ஆள் எதுக்கு ஓடறாரு?"ன்னாரு. பாத்தா, தரையோட ஒரு அடி, ஷார்ட்ஸ்டாப் எடுத்து முதல் பேஸுக்கு எறியறாரு, சாதாரண அவுட், யாரும் கண்டுக்கல. ஆனா கேட்சர் முகமூடி, மார்புக் கவசம், கால் கவசம் எல்லாத்தோடயும் ஓடறவனுக்கு இணையா முதல் பேஸ் பின்னாடி வரைக்கும் ஓடி நிக்கறாரு, அவுட் ஆனதும் மெதுவா நடந்து திரும்பி வந்து மறுபடி உக்காந்துக்கறாரு. எறிஞ்ச பந்து தவறிப் போச்சுன்னா பிடிக்க ஒரு ஆள் வேணும், அதுக்குத்தான். பேஸ்ல யாரும் இல்லாதப்போ இப்படி ஒரு அடி வந்தா அவர் ஓடித்தான் ஆகணும். முக்காவாசி தடவ பந்து ஒழுங்கா போய் சேர்ந்துடும், ஓடினது கணக்குல வராது. அப்பா அதுக்கப்புறம் பந்து பட்டதும் மொதல்ல கேட்சரத்தான் பாத்தாரு. ஏழாவது இன்னிங்ஸ்ல ஒரு எறி நெசமாவே அகலமா போச்சு, முதல் பேஸ்மேன் தாவியும் கிடைக்கல, ஆனா பந்து வேலிகிட்ட போறதுக்குள்ள கேட்சர் அங்க இருந்தாரு, ஓடினவன் முதல் பேஸோட நின்னான். பக்கத்துல இருந்தவங்க சும்மா இருந்தாங்க, அப்பா மட்டும் எழுந்து நின்னு கை தட்டினாரு. எனக்கு தொண்ட அடச்சுகிச்சு, ஏன்னு சொல்லத் தெரியல.

ஸ்கோர் எழுதறது பத்தி சொல்லியே ஆகணும். எங்களுக்கு பக்கத்து சீட்ல எழுபது வயசு இருக்கும் ஒரு அம்மா, மடியில கட்டம் போட்ட நோட்டு, பென்சில். அப்பா எட்டி எட்டி பாக்கறத கவனிச்சுட்டு ஒரு தாள கிழிச்சு, கட்டம் போட்டு, இன்னொரு பென்சிலையும் குடுத்தாங்க. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நம்பர், பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, ரெண்டாவது பேஸ் 4, மூணாவது பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, அப்புறம் அவுட்ஃபீல்ட் இடமிருந்து வலமா 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் எடுத்து ரெண்டாவது பேஸுக்கு குடுத்து அங்கிருந்து முதல் பேஸுக்கு போய் ரெண்டு பேர் அவுட்னா 6-4-3, அவ்ளோதான் எழுதணும். மூணாவது ஸ்டிரைக்க சுத்தி தவற விட்டு ஸ்டிரைக் அவுட்னா கே (K) எழுத்து, சுத்தாம நின்னுகிட்டே அவுட்னா அதே எழுத்த கண்ணாடில பாக்கற மாதிரி திருப்பி எழுதணும். அப்பா ஒரு காலத்துல ரேடியோ கமென்ட்ரி கேட்டு கிரிக்கெட் ஸ்கோர ஓவர் ஓவரா நோட்டுல எழுதினவரு, நாப்பது வருஷம் பேங்க்ல லெட்ஜர் எழுதினவரு, அவருக்கு இது போதும். அந்த அம்மாவோட இங்கிலீஷ் இவருக்கு பாதி புரியல, இவரோடது அவங்களுக்கு பாதி புரியல, ஆனா ஒம்போது இன்னிங்ஸும் பேசிகிட்டேதான் இருந்தாங்க, தாள்ல விரல் வெச்சு காட்டி காட்டி.

பேசறதுக்கு நேரம் இருக்கறதுதான் இந்த ஆட்டத்தோட பெரிய வரம்னு நெனக்கறேன். மெதுவா போகுதுன்னு குறை சொல்றவங்க நெறய பேரு, ஆனா பிட்சருக்கு நேரம் குறிக்கற பிட்ச் கிளாக் வந்தப்புறம் அந்த குறையும் கொறஞ்சுடுச்சு, பேஸ்ல ஆள் இல்லன்னா 15 செகண்டுக்குள்ள எறியணும், ஆள் இருந்தா இப்போ 18. 2022-ல சராசரியா மூணு மணி நேரத்துக்கு மேல போன மேட்ச் 2023-லயே 2 மணி 40 நிமிஷம் பக்கம் வந்துடுச்சு. பந்துக்கும் பந்துக்கும் நடுவுல ஒரு வாக்கியம் பேசலாம், இன்னிங்ஸ் நடுவுல ஒரு கதை சொல்லலாம். அப்பா அன்னிக்கு சொன்ன சில விஷயம் நான் அதுக்கு முன்னாடி கேட்டதே இல்ல. வீட்ல எதிரெதிரா உக்காந்தா வராத பேச்சு, ரெண்டு பேரும் ஒரே பக்கம் பாத்து உக்காந்தா வருது.

அப்புறம் ஃபவுல் பால், அதாவது ஆட்டக் கோட்டுக்கு வெளிய போற அடி. கேலரிக்குள்ள வந்த பந்து புடிச்சவங்களுக்கே சொந்தம், கிரிக்கெட் மாதிரி திருப்பி எறிய வேண்டாம். எங்களுக்கு ரெண்டு வரிசை முன்னாடி ஒருத்தர் வெறுங்கையில புடிச்சாரு, கை செவந்து போச்சு, ஒரு தடவ மேல தூக்கி காட்டினாரு, திரும்பி பின் சீட்ல இருந்த ஒரு சின்ன பொண்ணு கையில வெச்சாரு. அந்த குழந்த மேட்ச் முடியற வரைக்கும் பந்தோட தையல விரலால தடவிட்டே இருந்துச்சு. ஒண்ணு கவனம், வலை இல்லாத பக்கம் உக்காந்தா போன பாக்கக் கூடாது, பந்து வர வேகம் வேற.

சீட் பத்தி. கிராண்ட்ஸ்டாண்ட் மரச்சீட் 1934 காலத்து வகை, நெருக்கமாத்தான் இருக்கும், கால் நீளமானவங்க வரிசை ஓர சீட்டா எடுங்க. கூரைய தாங்கற தூண் சில சீட்டுக்கு முன்னாடி வரும், புக் பண்ணும்போது பார்வை மறைக்கும்னு போட்டிருக்கான்னு பாத்துக்கோங்க. என் சாய்ஸ் மூணாவது பேஸ் பக்கம், பேஸ் எல்லாம் இருக்கற இன்ஃபீல்ட் மொத்தமும் தெரியும். ப்ளீச்சர்ஸ் (மைதானத்தோட கடைசியில கூரை இல்லாத சீட்) தூரம், ஆனா அங்க ஒரு சொகம் இருக்கு: மட்டை சுத்தறது கண்ல பட்டு ஒரு துளி நேரம் கழிச்சுத்தான் சத்தம் காதுக்கு வரும், அந்த இடைவெளியில பந்து எங்க போகுதுன்னு யாருக்கும் தெரியாது, எல்லாரும் பாதி எழுந்திருப்பாங்க. முன்வரிசைன்னா கீழயே புல்பென், மாத்து பிட்சர் சூடு பண்ணும்போது கேட்சர் கிளவுஸ்ல பந்து விழற டப்புங்கற சத்தத்த பக்கத்துல கேக்கலாம். ப்ளீச்சர்ஸ்ல பச்ச சீட்டுக்கு நடுவுல ஒரே ஒரு செவப்பு சீட் இருக்கு, 1946 ஜூன் 9 அன்னிக்கு ரெட் சாக்ஸ் ஆட்டக்காரர் டெட் வில்லியம்ஸ் அடிச்ச 502 அடி ஹோம் ரன் விழுந்த இடம். அங்க நின்னு பேட்டிங் இடத்த பாருங்க, மனுஷன் அடிச்ச அடியான்னு இருக்கும்.

சாப்பாடு பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, ஹாட் டாக்தான் இங்க பேர் போனது, எங்களுக்கு ஓட்டோட இருக்கற வேர்க்கடலையே போதும். எல்லாரும் ஓட்ட கீழயே போடுவாங்க, அப்பா மட்டும் கவர்ல சேத்து வெச்சாரு. எட்டாவது இன்னிங்ஸ் நடுவுல ஒரு பழைய பாட்டு போடுவாங்க, டீம் தோத்துட்டு இருந்தாலும் முப்பதாயிரம் பேர் பக்கம் சேந்து பாடுவாங்க. 1918-க்கு அப்புறம் 2004 வரைக்கும் மேஜர் லீக்கோட இறுதிக் கோப்பையான வேர்ல்ட் சீரிஸ் ஒண்ணு கூட ஜெயிக்காம 86 வருஷம் காத்திருந்த ஊரு, தோத்துட்டு இருக்கும்போது பாடறது எப்படின்னு அவங்களுக்கு நல்லா தெரியும்.

கார எடுத்துட்டு போகாதீங்க. ரெண்டாவது தடவ போனப்போ பக்கத்துல ஒரு தனியார் பார்க்கிங்ல டிக்கெட் விலைக்கு மேலயே வாங்கிட்டு, பின்னாடி ரெண்டு வண்டிய அடச்சு நிறுத்தி, முடிஞ்சு ஒரு மணி நேரம் வெளிய வர முடியல, கேட்டதுக்கு பதிலும் இல்ல. கிரீன் லைன் ட்ரெயின்ல கென்மோர் ஸ்டேஷன்ல எறங்கினா நடக்கற தூரம்தான், ஆனா ஈ லைன் அங்க போகாது, பி, சி, டி பாத்து ஏறுங்க. ஏப்ரல், மே ராத்திரி குளிரும், பகல்ல வெயில் அடிச்சாலும் ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க. வாரநாள் மேட்ச்னா பொதுவா டிக்கெட் விலை கொறவு, வீட்டு மைதானத்துலயே சீசனுக்கு 81 மேட்ச், அவசரமே இல்ல. கேட் திறந்ததும் உள்ள போயிடுங்க, காலியா இருக்கும்போது சுத்திப் பாக்கலாம்.

அப்பா திரும்பி போய் ரெண்டு மாசம் ஆச்சு. மொத மேட்ச் ஸ்கோர் தாள இங்கயே விட்டுட்டு போயிட்டாரு, நான் எடுத்து பாத்தேன். கட்டத்துக்குள்ள எல்லாம் ஒழுங்கா 6-3, 4-3, கேன்னு அந்த அம்மா சொல்லிக் குடுத்த மாதிரியே இருக்கு. தாளோட வலது ஓரத்துல மட்டும் தனியா பதினோரு புள்ளி, பென்சில்ல, ஒண்ண மட்டும் சுத்தி வட்டம். போன் பண்ணி என்னப்பா இதுன்னு கேட்டேன். "அது கேட்சர் ஓடினதும்மா, அதுக்கு நம்பர் இல்லன்னு அந்த அம்மா சொன்னாங்க, அதான் நானே ஒண்ணு வெச்சேன்"னாரு.