12,000 லிட்டர் என்று விற்கப்பட்ட 4,200 லிட்டர் மீன் குளம்

வீட்டுத் தோட்டத்தில் மீன் குளம் அமைக்கும் வேலையை ஒப்பந்தத்துக்கு விட எண்ணியிருப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே இப்பதிவை எழுதுகிறேன். எங்கள் தோட்டத்தில் கோய் எனப்படும் அலங்காரக் கெண்டை மீன்களுக்கான குளத்தைக் கட்டிக் கொடுத்த நிறுவனம், குளத்தின் கொள்ளளவை ஏறத்தாழ மூன்று மடங்காக உயர்த்திக் காட்டி, அந்த ஒரே எண்ணின் மீது கட்டுமானத் தொகை, ஃபில்டர், பம்ப், மீன்களின் எண்ணிக்கை ஆகிய அனைத்தையும் ஏற்றி விற்றது. நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. அது போட்ட கணக்கை வேறு எவரும் போடலாம் என்பதால், கணக்கை விளக்குவதே பயனுடையது.

விலைப்புள்ளியில் இருந்த விவரம் இதுதான்: நீளம் 4 மீட்டர், அகலம் 2.5 மீட்டர், ஆழம் 1.2 மீட்டர், கொள்ளளவு 12,000 லிட்டர். மூன்றையும் பெருக்கினால் 12 கன மீட்டர் வருகிறது. ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர். ஆகவே தாளில் பார்த்தால் பிழை ஏதும் தெரியாது. ஆனால் இந்தப் பெருக்கல் செங்குத்தான சுவர்களும் சமமான தரையும் கொண்ட செவ்வகத் தொட்டிக்கு மட்டுமே பொருந்தும். அவர்கள் வரைந்து காட்டியதும் கட்டியதும் நீள்வட்டக் குளம். நீள்வட்டத்தின் பரப்பு, அதைச் சுற்றி வரையக்கூடிய செவ்வகத்தின் பரப்பில் 0.785 பங்குதான் என்பதால், 10 சதுர மீட்டருக்கு விலை போடப்பட்ட குளத்தின் மேற்பரப்பு உண்மையில் 7.85 சதுர மீட்டர்.

ஆழத்தில் நடந்தது இதைவிடப் பெரிது. வாக்களித்த 1.2 மீட்டர் ஆழம், வடிகால் குழாய் இருக்கும் ஒரு சிறு பள்ளத்தில் மட்டுமே இருந்தது. ஓர் ஆள் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து நிற்கலாம், அவ்வளவுதான். மற்ற இடங்களில் தரை 60 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கவில்லை. செடித் தொட்டிகளை வைப்பதற்கென்று ஓரம் நெடுகிலும் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு படி விட்டிருந்தார்கள். சுவர்களும் உள்நோக்கிச் சரிந்திருந்தன. இவையெல்லாம் சேர்ந்ததில் சராசரி ஆழம் 55 சென்டிமீட்டரைக்கூட எட்டவில்லை. போதாக்குறைக்கு விளிம்பும் மட்டமாக இல்லை. ஒரு பக்கத்துக் கல்வரிசையின் மீது நீர் வழியத் தொடங்கியபோது, எதிர்ப்பக்கத்தில் நான்கு விரற்கடை உயரத்துக்குச் சிமென்ட் பூச்சு நனையாமல் தெரிந்தது. நீளமான பலகையின் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்திருந்தால் அந்தக் கொத்தனாருக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

உண்மையான அளவு தண்ணீர் மீட்டரில்தான் வெளிப்பட்டது. மீன்கள் இறக்கத் தொடங்கிய பிறகு குளத்தை முழுவதும் வடித்துவிட்டு, வீட்டில் வேறு எந்தக் குழாயையும் திறக்காமல், மீட்டரில் இருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு மீண்டும் நிரப்பினோம். வழியும் மட்டம் வரை நிரம்பியபோது மீட்டர் காட்டிய வேறுபாடு 4,200 லிட்டருக்குச் சற்றுக் குறைவு.

இந்த வேறுபாட்டினால் பணம் மட்டும்தான் நட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு கோய் மீனுக்கு 500 லிட்டர் போதும் என்று சொல்லி, 12,000 லிட்டருக்கு 24 குஞ்சுகளை அவர்களே கொண்டுவந்து விட்டார்கள். கோய் மீன் வளர்ந்தால் 60 சென்டிமீட்டரையும் தாண்டும் என்பதால், அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் பலர் வளர்ந்த மீன் ஒன்றுக்கு 1,000 லிட்டர் என்ற அளவையும், ஒரு மீட்டருக்குக் குறையாத ஆழத்தையும் பின்பற்றுகிறார்கள். எங்கள் குளத்திலோ ஒரு மீனுக்கு 175 லிட்டர்தான் கிடைத்தது. மீன்கள் சோர்ந்தபோது நிறுவனத்தின் ஆளே வந்து, மீன் கழிவிலிருந்து உண்டாகும் நைட்ரைட் என்ற நச்சின் கடுமையைக் குறைக்க 0.3 விழுக்காடு உப்புக் கரைசல் வேண்டும் என்று கூறி, 12,000 லிட்டர் கணக்கில் 36 கிலோ உப்பைக் கொட்டினார். 4,200 லிட்டரில் அது ஏறத்தாழ 0.86 விழுக்காடு. அல்லி இலைகள் ஓரத்திலிருந்து பழுப்பேறிச் சுருண்டன. மருந்தானாலும் குளோரின் நீக்கியானாலும் அளவு லிட்டர் கணக்கிலேயே தரப்படுவதால், தவறான கொள்ளளவு குளம் இருக்கும் வரை தீங்கு செய்துகொண்டே இருக்கும்.

பம்ப் விஷயத்தில் எனக்கு ஓர் ஐயம் உண்டு. பெட்டியின் மேல் மணிக்கு 6,000 லிட்டர் என்று அச்சிட்டிருந்தது. அந்த எண் தண்ணீரைச் சற்றும் உயர்த்தாமல் தள்ளும்போது கிடைப்பது. உயரம் கூடக்கூட ஓட்டம் குறையும், வளைவுகளும் குறுகலான குழாயும் அதை மேலும் குறைக்கும். எங்கள் ஃபில்டரின் வாய் நீர்மட்டத்திலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தது. அங்கே 20 லிட்டர் வாளியைப் பிடித்துப் பார்த்தபோது நிரம்ப 28 விநாடிகள் ஆயின. அதாவது மணிக்கு 2,570 லிட்டர். கோய் குளத்தின் மொத்த நீரும் ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு முறை ஃபில்டர் வழியே சென்று வர வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். 12,000 லிட்டர் குளத்துக்கு இந்தப் பம்ப் எவ்விதத்திலும் போதாது. 4,200 லிட்டர் குளத்துக்கோ மிகச் சரியாகப் பொருந்துகிறது. இது தற்செயலா, குளத்தின் உண்மை அளவு அவர்களுக்குத் தொடக்கத்திலேயே தெரிந்திருந்ததா என்பதைப் படிப்பவர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

கொள்ளளவுப் புரட்டோடு அவசரமும் சேர்ந்தது. சிமென்ட் பூச்சு முடிந்த அதே வாரத்தில் நீரை நிரப்பி மீன்களை விட்டுவிட்டார்கள். புதிய சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பு நீரில் கசியும் என்பதால், பலமுறை நிரப்பி வடிக்க வேண்டும், அல்லது மீன்களுக்குத் தீங்கு செய்யாத மேற்பூச்சால் அடைக்க வேண்டும். இரண்டையும் அவர்கள் செய்யவில்லை. சுவரில் விரலை வைத்து இழுத்தால் வெள்ளைப் பொடி ஒட்டிக்கொண்டு வந்தது; பரிசோதனைத் துளிகள் நீரின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு; 7-க்கு மேல் போனால் காரம்) 9-ஐத் தாண்டியதைக் காட்டின. மீன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவின் நச்சு வடிவம், 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், பி.எச். 7 உள்ள நீரில் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு, பி.எச். 9-ல் அதுவே மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா புதிய ஃபில்டரில் பெருகுவதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் பிடிக்கும். இதைப் பற்றிக் கேட்டபோது, ஒரு சிறிய புட்டியைத் திறந்து ஊற்றிவிட்டு, "பாக்டீரியா விட்டாச்சு சார், இனிமே காத்திருக்க வேண்டாம்" என்றார் மேற்பார்வையாளர்.

விடியும் முன் மீன்கள் அனைத்தும் ஃபில்டர் நீர் விழும் மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு, வாயை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கித் திறந்து மூடிக்கொண்டிருந்தன. செவுள் ஓரங்கள் அளவுக்கு மீறிச் சிவந்திருந்தன. எஞ்சியவை ஐந்து. அவற்றை ஆழமான குளம் வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டோம்.

மீட்டர் கணக்கை எழுத்தில் அனுப்பியபோது நிறுவனத்தின் பதில் ஒவ்வொரு முறையும் மாறியது. மீன்கள் பயணக் களைப்பில் இறந்தன என்றார்கள். பிறகு உங்கள் தண்ணீர் சரியில்லை என்றார்கள். இறுதியில், விலைப்புள்ளியில் கண்ட கொள்ளளவு தோராயமானது என்று எழுதி, அடுத்த முறை வாங்கும் மீன்களுக்குத் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். நூற்றுக்கு ஐந்தோ பத்தோ கூடக் குறைய இருந்தால் தோராயம் என்று ஏற்கலாம். மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போனதற்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்துவது துணிச்சல்தான்.

ஆகவே ஒப்பந்தத்தில் கொள்ளளவு என்ற இடத்தில், முதல் முறை நிரப்பும்போது தண்ணீர் மீட்டர் காட்டும் அளவே இறுதியானது என்று எழுதி வாங்குங்கள்; அந்த அளவு வரும் வரை கடைசித் தவணையை நிறுத்தி வையுங்கள். மீட்டர் இல்லாத வீட்டில், ஒரு வாளி நிரம்பும் நேரத்தையும் குளம் நிரம்பும் நேரத்தையும் குறித்து வகுத்தாலே போதுமான துல்லியம் கிடைக்கும். குழி தோண்டியதும், பூசுவதற்கு முன்பே, குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டிப் பல இடங்களில் ஆழத்தை அளந்து சராசரி எடுங்கள். அதிகபட்ச ஆழத்தை மட்டும் சொல்லும் விலைப்புள்ளியை ஏற்க வேண்டாம். கட்டுபவரிடமே மீன் வாங்காமல் இருப்பதும் நல்லது. குளம் பெரிது என்று காட்டினால் மீன் விற்பனை கூடும் என்ற ஆசைக்கு அங்கே இடமிருக்காது. பம்ப் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். எங்களுக்கு அதையும் வைக்கவில்லை. மின்பணியாளர் வேறொருவரை அழைத்துத்தான் பொருத்தினோம்.

சிமென்ட்டுக்குப் பதிலாக, நீர் கசியாத லைனர் விரிப்பு போடச் சொல்பவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு: நீளத்தோடு ஆழத்தின் இரு மடங்கையும், விளிம்புக்காக 60 சென்டிமீட்டரையும் கூட்ட வேண்டும்; அகலத்துக்கும் அப்படியே. அவர்கள் சொன்ன அளவுகளின்படியே எங்கள் குளத்துக்கு 7 மீட்டருக்கு 5.5 மீட்டர் விரிப்பு போதும். அதே நிறுவனம் முதலில் கொடுத்த மாற்று விலைப்புள்ளியில் 9 மீட்டருக்கு 7.5 மீட்டர் என்று இருந்தது. பரப்பில் அது தேவையைவிட முக்கால் பங்கு அதிகம்.

குளம் கட்ட விரும்பிய அண்டை வீட்டுக்காரர் ஒருவர், அண்மையில் அதே நிறுவனத்திடமிருந்து பெற்ற விலைப்புள்ளியை என்னிடம் காட்டினார். அதில் கொள்ளளவு என்ற பத்தியே இல்லை. சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று விலைகள் மட்டும் இருந்தன. லிட்டர் எவ்வளவு என்று எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்; இன்னும் பதில் வரவில்லை.