ரீஸ்டார்ட் கேட்பது யார்? விண்டோஸா, உபுண்டுவா?

என் லேப்டாப்பில் விண்டோஸ் 11-ம், லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவும் அடுத்தடுத்து குடியிருக்கின்றன. இந்த வருடம் அன்றாட வேலையை முழுக்க உபுண்டுவுக்கு மாற்றிவிட்டேன். தெரிந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எது சீக்கிரம் பூட் ஆகும்?", அதாவது ஆன் செய்ததும் எது முதலில் தயாராகும் என்பது. எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்) போட்ட மெஷினில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் இரண்டுமே வந்து நின்றுவிடும். இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் ஓட்டுபவர்கள் முதலில் அதை மாற்றுங்கள், ஓஎஸ்ஸை (இயங்குதளத்தை) அப்புறம் பார்க்கலாம்.

ஆரம்பத்தில் விண்டோஸ்தான் சில நொடி முந்தியது. காரணம் 2012-ல் விண்டோஸ் 8-உடன் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட் டவுன் கொடுத்தால் நம் புரோகிராம்களை மூடிவிட்டு, கெர்னலையும் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) வன்பொருளை இயக்கும் டிரைவர்களையும் இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் எழுதிவைத்துக்கொள்ளும். மறுநாள் அதைப் படித்து எழுந்துவிடும். அரைத் தூக்கம்தான். டாஸ்க் மேனேஜரில் 'அப் டைம்' பாருங்கள்: நேற்றிரவு அணைத்த மெஷின் பத்து நாளாக ஓடுவதாகச் சொல்லும். அதனால் 'ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்ற பழைய கைவைத்தியம் இங்கே பலிக்காது, ரீஸ்டார்ட்தான் கொடுக்க வேண்டும். இரண்டு ஓஎஸ் வைத்திருப்பவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அரைத் தூக்கத்தில் இருக்கும் விண்டோஸ் டிரைவில் லினக்ஸ் எழுத மறுக்கும். நான் அந்த வசதியை அணைத்தேன், விண்டோஸின் முந்துதலும் அதோடு போனது.

நான் மாறியதற்குக் காரணம் பூட் நேரம் இல்லை, ரீஸ்டார்ட்.

ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் பிடித்துவைத்திருக்கும் ஃபைலை மாற்ற விண்டோஸ் பொதுவாக விடாது. சிஸ்டம் ஃபைல்களை யாராவது எப்போதும் பிடித்துக்கொண்டுதான் இருப்பார்கள். ஆகவே மாதத்தின் இரண்டாவது செவ்வாயில் வரும் அப்டேட் ரீஸ்டார்ட் ஆகும்வரை காத்திருந்து, அப்போதுதான் ஃபைல்களை மாற்றும். நாம் வேலை செய்யும் நேரத்தை 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்று குறித்து வைக்கலாம், சில வாரம் தள்ளிப்போடலாம். கடைசியில் ரீஸ்டார்ட் கேட்டே தீரும்.

லினக்ஸில் ஃபைலின் பெயர் வேறு, உள்ளே இருக்கும் சரக்கு வேறு. அப்டேட் வந்தால் அதே பெயரில் புதுச் சரக்கு வந்து உட்காரும். பழையதைத் திறந்து வைத்திருக்கும் புரோகிராம், தான் மூடும்வரை பழையதையே பயன்படுத்தும். அதனால் நான் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே பின்னால் அப்டேட் நடந்து முடிந்துவிடுகிறது. இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நினைவகத்தில் பழைய பாதுகாப்பு ஓட்டை அப்படியேதான் இருக்கும், அந்தப் புரோகிராமை மூடித் திறந்தால்தான் அடைபடும். கெர்னல், ஜிலிப்சி (ஏறக்குறைய எல்லாப் புரோகிராம்களும் நம்பியிருக்கும் நூலகம்) மாதிரி அடித்தளம் மாறினால் உபுண்டுவும் ரீஸ்டார்ட் கேட்கும். ஆனால் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கும். அந்த அறிவிப்பை வாரக்கணக்கில் கண்டுகொள்ளாமல் விட்ட சோம்பேறித்தனம் என்னுடையது. முக்கியமான கெர்னல் ஓட்டைகளை ஓட்டத்திலேயே அடைக்க லைவ்பேட்ச் என்ற உபுண்டு சேவை இருக்கிறது, சொந்த உபயோகத்துக்கு 5 மெஷின் வரை இலவசம். எல்லா லினக்ஸும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். இன்னொரு லினக்ஸான ஃபெடோராவின் சாஃப்ட்வேர் செயலி சிஸ்டம் அப்டேட்டுக்கு ரீஸ்டார்ட் செய்துதான் போடும்.

மேக்கை மச்சான் வீட்டில் தொட்டதோடு சரி, ஆகவே சுருக்கமாக. 2020-ல் வந்த பிக் சர் என்ற மேக் ஓஎஸ் பதிப்பு முதல் சிஸ்டம் பகுதி முத்திரையிட்டுப் பூட்டியிருக்கும். ஓஎஸ் அப்டேட் என்றால் ரீஸ்டார்ட் உண்டு, அதுவும் நிதானமாகத்தான் முடியும். மற்ற நாட்களில் மச்சான் அதை அணைப்பதே இல்லை, மூடியைச் சாத்துவதோடு சரி. அவருக்கு பூட் நேரம் ஒரு பொருட்டே இல்லை.

டேலி என்ற கணக்கு மென்பொருளுக்காக விண்டோஸை இன்னும் வைத்திருக்கிறேன். ஜிஎஸ்டி தாக்கலுக்கு முதல் நாள் இரவே அதைத் திறந்து, அப்டேட்டெல்லாம் இறங்கட்டும் என்று விட்டு, ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவேன்.