தாரியஸின் ‘டைவ் இன்’: மூன்றாம் இடக்காரரின் முதல் ஆல்பம்

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி முடிந்த கையோடு வரும் ஆல்பங்களில் பாதிக்கு மேல் பழைய பாட்டுகளே இருக்கும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்த பாடகர் தாரியஸ் அந்த வழியில் போகவில்லை. 2002-இல் பிரிட்டனின் ‘பாப் ஐடல்’ போட்டியில் மூன்றாம் இடம் பிடித்த கையோடு, போட்டியின் நடுவர் சைமன் கோவல் தந்த இசைத்தட்டு ஒப்பந்த வாய்ப்பை மறுத்தார். மெர்குரி இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்து, யு2 ராக் குழுவோடு வேலை செய்த ஸ்டீவ் லில்லிவைட்டின் தயாரிப்பில் சொந்தப் பாடல்களைப் பதிவு செய்தார். துணிச்சலான முடிவு, சரியான முடிவும்கூட.

‘கலர்பிளைண்ட்’ என்ற ஒரு பாட்டுக்காகவே இந்த ஆல்பத்தை வாங்கலாம். பிரிவுக்கு நீலம், பொறாமைக்குப் பச்சை என்று ஒவ்வொரு உணர்வுக்கும் ஒரு நிறம் வைத்து நகரும் பாட்டு. கிட்டார் முன்னால் நிற்கிறது. அவருடைய கனத்த குரல் கீழ்ச்சுருதியில் நிதானமாகத் தொடங்கி, பல்லவியில்தான் திறக்கிறது. போட்டி மேடையில் முதல் வரியிலேயே முழுக் குரலையும் கொட்டும் பழக்கம் இங்கே இல்லை. 2002 ஆகஸ்டில் இந்தப் பாட்டு பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

‘ரஷஸ்’ பாட்டும் நன்று. குறை என்றால், மெதுவான காதல் பாட்டுகள் அடுத்தடுத்து வரும்போது தாளம் ஒரே மாதிரி ஆகிவிடுகிறது. அவற்றுக்கு நடுவே வேகமானவற்றைப் போட்டு, வரிசையை மாற்றிக் கேளுங்கள்.

2004-இல் வந்த அடுத்த ஆல்பம் ‘லைவ் ட்வைஸ்’ இந்த அளவுக்கு விற்கவில்லை. ஆனால் குரல் வீணாகவில்லை: அடுத்த ஆண்டே லண்டனின் நாடக அரங்குப் பகுதியான வெஸ்ட் எண்டில் ‘சிகாகோ’ இசை நாடகத்தில் பில்லி ஃப்ளின் என்ற வக்கீல் வேடத்தில் நின்றார்.