உடைந்த காற்றுப் பெட்டி முனை: இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் குடியிருக்கும் தம்பி ஒருவர், நான் எட்டு ஆண்டுகளாக ஓட்டிவரும் அதே ரகக் கார் ஒன்று விற்பனைக்கு வந்திருப்பதாகச் சொல்லி, "அண்ணே, வாங்கலாமா?" என்று கேட்டார். எஞ்சினைப் பற்றியோ பெட்ரோல் செலவைப் பற்றியோ அவருக்குப் புதிதாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. 1,40,000 கிலோமீட்டர் ஓடிய பிறகும் காராக் நெடுஞ்சாலையின் ஏற்றத்தில் என் கார் திணறுவதில்லை. நான் அவரிடம் பேசியதெல்லாம் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் முனையைப் பற்றித்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்வதற்காக, காற்று வடிகட்டி இருக்கும் காற்றுப் பெட்டியின் மூடியைக் கழற்ற முனைந்தேன். எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியே கொண்டுவரும் ரப்பர்க் குழாய் வந்து சேரும் முனை அந்த மூடியில்தான் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் வெந்து இறுகிப்போயிருந்த ரப்பர்க் குழாயை முதலில் திருகித் தளர்த்தியிருக்க வேண்டும், அல்லது வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி இளக்கியிருக்க வேண்டும். நான் நேராக இழுத்தேன். முனை அடியோடு முறிந்து குழாயுடனேயே வந்துவிட்டது. அவசரம் என்னுடையது, அதை மறுக்கவில்லை. ஆனால் மூடியைத் தனியாக விற்க மாட்டோம், முழுப் பெட்டியாகத்தான் வாங்க வேண்டும், விலை 480 மலேசிய வெள்ளி என்று உதிரிபாகக் கடையில் சொன்னபோது எனக்கு எழுந்த கோபம் இன்றுவரை தணியவில்லை. வெப்பத்தில் முதலில் நொறுங்கக்கூடிய இடத்தையே பிரிக்க முடியாதபடி வார்த்துவிட்டு, அதற்கான செலவை வாங்கியவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

சிறிய முனைதானே என்று விட்டுவிடவும் முடியாது. அது காற்றை அளக்கும் உணரிக்குப் பின்னால் இருப்பதால், உடைப்பு வழியாக நுழையும் காற்று கணக்கில் சேராது, வடிகட்டியையும் கடந்து வராது. அதனால் எஞ்சினை இயக்கும் கணினி தேவையைவிடக் குறைவாகப் பெட்ரோல் தெளிக்கிறது. நிற்கும்போது எஞ்சின் தடுமாறுகிறது. சில நாள்களில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. என் காரின் கணினி காட்டிய பழுதுக் குறியீடு பி0171, அதாவது எரிபொருள் கலவை மெலிந்துவிட்டது என்பது.

உடனடிப் பசை ஒரே நாளில் விட்டது. இரண்டைக் கலந்து பூசும் எப்பாக்சி பசை மூன்று வாரம் தாங்கி, பிறகு காய்ந்த பொருக்கு போல முழுதாக உரிந்து வந்தது. அதற்குப் பிறகுதான் மூடியின் உட்புறத்தில் பொறித்திருந்த எழுத்துகளைப் படித்தேன்: பிபி-டிடி20. பாலிபுரொப்பிலீனுடன் 20 விழுக்காடு டால்க் தூள் சேர்த்தது என்று பொருள். பாலிபுரொப்பிலீனின் மேற்பரப்பில் சாதாரணப் பசை எதுவும் பற்றாது. அதை உருக்கித்தான் இணைக்க வேண்டும், அதுவும் அதே இனப் பிளாஸ்டிக்கைக் கொண்டு. கம்பிகளைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டையை உருக்கி ஊற்றலாம் என்று பலர் சொல்கிறார்கள். அது பெரும்பாலும் நைலான், இதனோடு ஒட்டாது. முக்கோணத்துக்குள் 5 என்று குறித்த பழைய உணவு டப்பா ஒன்றைக் கீற்றுகளாக நறுக்கி வைத்துக்கொண்டேன். ஒரு சிறு பித்தளைக் குழலைச் சூடாக்கி முனைக்கும் மூடிக்கும் பாதிப் பாதியாக உள்ளே செருகி, சால்டரிங் கோலின் சூட்டைக் குறைத்து வைத்து, விளிம்புகளை ஒன்றாக உருக்கி, மேலே கீற்றுகளைச் சேர்த்து மெழுகினேன். பாலிபுரொப்பிலீன் ஏறத்தாழ 160 பாகை செல்சியசில் உருகிவிடும். சூடு மிகுந்தால் கருகிப் புகையும், அப்படிக் கருகிய இடம் வலுவில்லாமல் போகும். ஆறிய பிறகு எல்லாவற்றையும் மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, ஊதுபத்தியை இணைப்பைச் சுற்றிக் காட்டினேன். எப்பாக்சி போட்டிருந்தபோது விரிசலை நோக்கி வளைந்த புகை இம்முறை நேராக மேலே எழுந்தது. அந்த நிமிடம் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியை இந்தக் கார் வேறு எப்போதும் தந்ததில்லை.

அதன் பிறகு தீபாவளிக்கு ஈப்போவுக்கு இருமுறை போய்வந்தாயிற்று, விளக்கு ஒருமுறையும் எரியவில்லை. சென்ற மாதம் வேறொரு நிறுவனம் செய்த மூடி தனியாக 90 வெள்ளிக்கு வந்திருப்பதைப் பார்த்து வாங்கிவந்தேன். அது வந்த உறையைப் பிரிக்கவும் இல்லை, மாட்டவும் மனம் வரவில்லை.

ஆகவே தம்பியிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். எட்டு ஆண்டு என்னைச் சாலையில் நிறுத்தாத காரைப் பற்றி அப்படிச் சொல்வது நேர்மையா என்று அவர் கேட்டார். என் காரை நான் விற்கப் போவதில்லை. ஆனால் உடைந்தால் உருக்கி ஒட்டத் தயாராக இல்லாத ஒருவருக்கு, சிறு உறுப்பையும் தனியாகத் தராத நிறுவனத்தின் காரை வாங்கச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர் கேட்பதாக இல்லை. சனிக்கிழமை செகாம்புட்டில் அந்தக் காரைப் பார்க்கப் போகிறோம். காரின் முன்மூடியைத் திறந்ததும் அந்த ரப்பர்க் குழாயைத்தான் முதலில் தொட்டுப் பார்ப்பேன். ஊதுபத்தியும் எடுத்து வைத்திருக்கிறேன்.