மெண்டரின் கற்க இணைய ஆசிரியர்: குவிந்து கிடக்கிறார்கள், திருத்துபவர்தான் அரிது

எனக்குப் பினாங்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. பக்கத்து மேசைகளில் ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழி ஓடும். ஷென்செனிலிருந்து சப்ளையர் அழைத்தால் பொதுச் சீன மொழியான மெண்டரினுக்கு மாறிவிடுவார்கள். மெண்டரினையாவது பிடித்துவிடலாம் என்று ஐடாக்கி, பிரெப்ளி என்ற இரண்டு இணைய ஆசிரியர் தளங்களிலும் ஆசிரியர் தேடினேன்.

ஆளுக்குப் பஞ்சமில்லை. சீனா, தைவான், நம் ஊர்ச் சீனர் என்று பக்கம் பக்கமாக வருகிறார்கள். பெய்ஜிங், தைப்பே, பினாங்கு எல்லாவற்றுக்கும் ஒரே நேரம் என்பதால், வேலை முடிந்து இரவு 9 மணிக்கு வகுப்பு வைப்பதும் சுலபம்.

ஆனால் நட்சத்திரங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது. எல்லாருக்குமே 5-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. ஒரு மணி நேரம் சிரித்துப் பேசியவருக்கு யார்தான் 3 போடுவார்கள்? சான்றிதழும் பெரிதாக உதவவில்லை. ஒரு தளத்தில் பட்டம் பெற்ற ஆசிரியர் ஒருவர் கிடைத்தார். நான் எதை உளறினாலும் "ஹென் ஹாவ்" என்று பாராட்டிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போனார்.

ஐடாக்கியில் தொழில்முறை ஆசிரியர், சமூக ஆசிரியர் என்று இரண்டு வகை. இப்போது எனக்குச் சொல்லிக்கொடுக்கும் தைவான் அம்மா இரண்டாம் வகை. தமிழில் ஒரே 'ப' என்பதால், மூச்சு விட்டுச் சொல்லும் 'ப'வும் விடாமல் சொல்லும் 'ப'வும் என் வாயில் ஒன்றாகவே வந்தன. மெண்டரினில் அவை வேறு வேறு ஒலிகள். அதை முதல் வகுப்பிலேயே பிடித்துவிட்டார். வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய தாளைப் பிடிக்கச் சொன்னார்: ஒன்றுக்குத் தாள் படபடக்க வேண்டும், மற்றதற்கு அசையவே கூடாது. பாதி வகுப்பு இதிலேயே போனது, காசுக்கு மோசமில்லை. இதே தொல்லை 'த'விலும் 'க'விலும் உண்டு, அவற்றையும் விடவில்லை.

தைவான்காரர்களிடம் முதலிலேயே ஒன்றைக் கேட்டுவிடுங்கள். அவர்கள் ஊரில் பழைய முழு எழுத்து. சீனாவிலும் நம் சீனப் பள்ளிகளிலும் சுருக்க எழுத்து. இவர் எனக்காகச் சுருக்க எழுத்திலேயே தட்டச்சு செய்கிறார்.

பிரெப்ளி பற்றி ஒரு விஷயம். சோதனை வகுப்புக்கு நாம் கட்டும் பணத்தில் ஆசிரியருக்கு ஒன்றும் போவதில்லை. அதன் பிறகும் தளம் 33 விழுக்காடு எடுத்துக்கொள்கிறது. அவர் நடத்தும் மணிநேரம் கூடக்கூட அது 18 வரை இறங்கும். அதனால் முதல் நாள் காட்டும் உற்சாகத்தில் கொஞ்சம் வியாபாரமும் கலந்திருக்கும். அது தப்பில்லை, அவருக்கும் வயிறு இருக்கிறது. எத்தனை தடவை நிறுத்தித் திருத்தினார் என்பதை மட்டும் கவனியுங்கள். சரியில்லை என்றால் வேறொருவரை மாற்றிக் கேட்கலாம்.

நான் மணிக்கு 60 வெள்ளி (ரிங்கிட்) கொடுக்கிறேன். பேசப் பழக வேண்டும் என்பவர்களுக்கு இந்த அம்மா சரியான ஆள். எச்எஸ்கே என்ற மெண்டரின் தகுதித் தேர்வு எழுதுகிறவர்கள் வேறு ஆளைப் பாருங்கள். பாடப்புத்தகம் பக்கமே அவர் போவதில்லை.